பரவுமா பரவாதா என்று சொல்லும் டெஸ்ட்: ஐந்துக்கு இரண்டரை

சென்னிமலையில் எங்களுக்குப் பெட்ஷீட் தறி. போன ஆவணியில் அப்பாவுக்கு எண்டோஸ்கோப்பி செய்து, இரைப்பையில் புற்றுநோய் என்றார்கள். வயது 71. ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதற்குள் கோவையிலிருந்து ஒரு தனியார் லேப்காரர் போன் செய்தார். எங்கள் நம்பர் எப்படிக் கிடைத்ததோ. "மெத்திலேஷன் டெஸ்ட்டுனு ஒண்ணு இருக்குதுங்க. நோய் பரவுமா பரவாதானு முன்னாடியே சொல்லீருமுங்க." 32,000 ரூபாய். "எனக்கெதுக்குச் சாமி இத்தன காசு" என்றார் அப்பா. கட்டிவிட்டேன். அந்த வாரம் யார் எதைச் சொல்லியிருந்தாலும் கட்டியிருப்பேன்.

பயாப்சி சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பிளாக்கை ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டு வாங்கி, டிபன் டப்பாவில் வைத்து, பஸ்ஸில் மடியிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்பது நாள் கழித்து, "இதுல கேன்சர் செல் பத்தலைங்க, வேற பிளாக் வேணும்" என்றார்கள். ஒரு சீவல் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். எண்டோஸ்கோப்பியில் கிள்ளுவதே அரிசிக் குறுணையளவுதான், சீவச் சீவத் தீர்ந்துபோகும். சிகிச்சைக்குக் கட்டாயம் வேண்டிய சோதனைகளை முடிக்காமல் பிளாக்கை வெளியே கொடுக்காதீர்கள். நல்ல வேளை, எங்களுக்கு இரண்டாவது பிளாக் இருந்தது.

பாராட்ட வேண்டியது, போனில் விளக்கிய லேப் அம்மிணியை. டி.என்.ஏ.வில் சைட்டோசின் என்ற எழுத்தின்மேல் மெத்தில் என்ற சின்ன ஒட்டு உட்காருமாம். ஒரு ஜீனின் தலைப்பக்கத்தில் அது நெருக்கமாக உட்கார்ந்தால் அந்த ஜீன் வேலை செய்யாது. பைசல்ஃபைட் என்ற மருந்தில் போட்டால் ஒட்டில்லாத சைட்டோசின் மாறிவிடும், ஒட்டு உள்ளது அப்படியே நிற்கும். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. நூல் சிட்டத்தை இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கினால் கட்டின இடம் மட்டும் வெள்ளையாக நிற்குமே, அதேதான். சி.டி.எச்.1 என்ற ஜீன் இப்படி அடைபட்டால் செல்லும் செல்லும் ஒட்டிக்கொண்டிருக்கும் பிடி தளர்ந்துபோகுமாம். ஹெலிகோபாக்டர் கிருமி வயிற்றில் வருஷக்கணக்கில் இருந்தாலும் இந்த ஒட்டுகள் கூடுமாம். ஆக, பரவுவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பது புரூடா இல்லை.

ஆனால் ரிப்போர்ட்? 14 பக்கம், வழவழ தாள். முதல் பக்கத்தில் கலர் கலராக ஒரு மீட்டர் படம், முள் நடுவில். "நடுத்தர அபாயம்." இதைத் தெரிந்துகொள்ளவா 32,000? சர்ஜன் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத வச்சு நான் எதையும் மாத்த முடியாதுங்க" என்றார். ஆபரேஷனுக்கு முன்னால் வயிற்றில் சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டுப் பார்த்தார். உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, அந்தத் தண்ணீரில் கேன்சர் செல் இருக்கிறதா என்று அனுப்பினார். வயிற்று உள்சவ்வில் புற்று பொடிப் பொடியாக விதைத்திருந்தால் சி.டி. ஸ்கேனில் தப்பிவிடுமாம். அப்பாவுக்கு இல்லை. எங்களுக்கு வேண்டிய பதில் அங்கேதான் கிடைத்தது.

அப்புறம் எதற்கு இரண்டரை மார்க்? ஒன்பதாம் பக்கத்துக்கு. பயாப்சியில் எம்.எல்.எச்.1 என்ற புரோட்டீன் இல்லை என்று முன்பே வந்திருந்தது. பரம்பரையாக இருக்கலாம், பிள்ளைகளும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி, நானும் தங்கச்சியும் தூங்கவில்லை. அந்தப் புரோட்டீனுக்கான ஜீன் மெத்தில் ஒட்டால்தான் அடைபட்டிருக்கிறது என்றது இந்த ரிப்போர்ட். அப்படியென்றால் பெரும்பாலும் பரம்பரை இல்லையாம், வயதான காலத்தில் அவர் வயிற்றுக்குள்ளேயே நடந்ததாம். காங்கேயத்திலிருந்து தங்கச்சி போனிலேயே அழுதுவிட்டாள். அந்த ஒரு ஜீனை மட்டும் தனியாகவும் பார்க்கலாம் என்று சர்ஜன் அப்புறம்தான் சொன்னார்.

மீதி பிளாக்கை லேப் இன்னும் திருப்பித் தரவில்லை. மூன்று தடவை போன் செய்துவிட்டேன், "கொரியர்ல இருக்குதுங்க" என்கிறார்கள்.