ஏலியன் ஆந்தாலஜி ப்ளூ-ரே: மூன்றாம் பாகத்துக்காகவே வாங்கலாம்

'ஏலியன்' என்ற ஹாலிவுட் விண்வெளித் திகில் பட வரிசையின் நான்கு படங்கள் 2010இல் வெளியான இத்தொகுப்பில் இருந்தாலும், கொடுத்த காசுக்கு ஈடாக நிற்பது 1992இல் வந்த மூன்றாம் பாகமும் அது உருவான விதத்தைச் சொல்லும் நீண்ட ஆவணப்படமும்தான். இசைக் காணொளிகளாலும் விளம்பரங்களாலும் பெயர் பெற்றிருந்த டேவிட் ஃபின்ச்சருக்கு அதுவே முதல் திரைப்படம். திரைக்கதை முடிவாகும் முன்பே பைன்வுட் ஸ்டூடியோவில் செட்டுகள் எழும்பத் தொடங்கிவிட, அவர் தயாரிப்பு நிறுவனத்துடன் இடைவிடாமல் மல்லுக்கட்ட நேர்ந்ததை உடன் பணியாற்றியவர்களே விவரிக்கிறார்கள். ஒளிப்பதிவாளர் ஜோர்டன் க்ரோனன்வெத் உடல்நலக் குறைவால் தொடக்கத்திலேயே விலக, அலெக்ஸ் தாம்சன் பொறுப்பேற்றார். 2003 டிவிடியில் இந்த ஆவணப்படத்திலிருந்து வெட்டப்பட்டிருந்த கசப்பான பகுதிகள் இதில் மீண்டும் சேர்ந்துள்ளன. ஃபின்ச்சர் மட்டும் புதிதாகப் பேட்டி தரவில்லை (தந்திருந்தால்தான் வியப்பு).

கூடவே வரும் மூன்றாம் பாகத்தின் நீண்ட வடிவம், திரையரங்கில் ஓடியதைவிட ஏறத்தாழ அரை மணி நேரம் கூடுதலானது. அதில் வேற்றுக்கிரக உயிரினம் நாயின் உடலிலிருந்து அல்லாமல், செத்த மாட்டிலிருந்து வெளிவருகிறது. கதை நடக்கும் சிறைக்கோளின் சிறைவாசிகளின் பாத்திரங்களுக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. முந்தைய டிவிடியில் தெளிவாகக் கேட்காத வசனங்களுக்கு நடிகர்கள் மறுபடியும் குரல் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஃபின்ச்சர் கைவைக்காத இந்த வடிவத்தை இயக்குநரின் பதிப்பு என்று நம்பி வாங்க வேண்டாம்.