ஆல்-பிரான், ஃபைபர் ஒன், வீட்டாபிக்ஸ், ரெய்சின் பிரான்: எந்தக் காலை உணவுச் சீரியல் டப்பாவில் எவ்வளவு நார்ச்சத்து?

"ஹை ஃபைபர்" என்று அட்டையில் போட்டுக்கொள்ள இந்தியாவில் 100 கிராமுக்கு 6 கிராம் நார்ச்சத்து இருந்தால் போதும். ஐரோப்பாவிலும் இதே அளவுகோல்தான். மில்லில் கொடுத்துச் சலிக்காமல் அரைத்து வரும் கோதுமை மாவில் 100 கிராமுக்குச் சுமார் 11 கிராம் இருக்கிறது. கேழ்வரகிலும் கம்பிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆக, அந்தப் பட்டத்தை வைத்து ஒரு சீரியலை எடைபோட முடியாது. அமெரிக்காவில் கணக்கு வேறு. ஒரு நாளைக்கு 28 கிராம் என்று வைத்து, அதில் 20 சதவீதம், அதாவது 5.6 கிராம், ஒரு வேளைப் பங்கில் இருந்தால் அந்த வார்த்தையைப் போடலாம். பங்கின் அளவு பெரிதாக இருந்தால் சுமாரான சீரியலும் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ரெய்சின் பிரான் அப்படித்தான் தாண்டுகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கெல்லாக்ஸ் ஆல்-பிரான் ஒரிஜினல். 1916-லிருந்து விற்கும் பழைய சரக்கு. அமெரிக்க டப்பாவில் ஒரு பங்கு என்பது முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவு, 41 கிராம். அதில் நார்ச்சத்து 12 கிராம், 120 கலோரி, புரதம் 5 கிராம், சர்க்கரை சுமார் 9 கிராம். பொருள் பட்டியலில் முதலில் நிற்பது கோதுமைத் தவிடு, அடுத்தது சர்க்கரை. 9 கிராம் என்றால் இரண்டு டீஸ்பூனுக்கு மேல். "சத்தான" டப்பாவில் இது தேவையா என்று கேட்டால், சர்க்கரை போடாத தவிட்டை வாயில் போட்டுப் பாருங்கள், காரணம் புரியும். ஆனால் இதற்கு மேல் தேனோ நாட்டுச் சர்க்கரையோ சேர்க்க வேண்டிய அவசியம் கொஞ்சமும் இல்லை.

இந்த நார்ச்சத்து எந்த வகை என்பதுதான் விஷயம். கோதுமைத் தவிட்டில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரில் கரையாத நார். குடலில் செரிக்காமல் போய், தண்ணீரைப் பிடித்துவைத்து, குடல் சுவரை உரசி, மலத்தை நகர்த்தும். தவிடு கொரகொரப்பாக இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். மாவாக அரைத்துவிட்டால் நார்ச்சத்தின் எண் மாறாது, பலன் குறைந்துவிடும். சிலருக்கு மலம் இறுகவும் செய்யும். ஆல்-பிரானில் தவிடு குச்சி குச்சியாக, கொரகொரப்புடன் இருக்கிறது. மலச்சிக்கலுக்கு இது நல்ல சீரியல். கொலஸ்ட்ராலைக் குறைக்க என்று வாங்கினால் பணம் வீண். அதற்கு வேண்டியது ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா-குளுக்கன் என்ற கரையும் நார், நாளைக்கு 3 கிராம். 40 கிராம் உலர்ந்த ஓட்ஸில் அதில் பாதிதான் கிடைக்கும் என்பதால், ஒரு கிண்ணக் கஞ்சியோடு அந்தக் கணக்கு முடிந்துவிடாது.

ஜெனரல் மில்ஸின் ஃபைபர் ஒன் ஒரிஜினல், எண்ணை மட்டும் பார்த்தால் எல்லாவற்றையும் மிஞ்சுகிறது. 40 கிராமில் 18 கிராம் நார்ச்சத்து, 90 கலோரி, சர்க்கரை பூஜ்யம். கோதுமையோடு மக்காச்சோளத் தவிடும் கொத்தவரைப் பிசினும் சேர்கின்றன. இனிப்பு செயற்கை இனிப்பூட்டியிலிருந்து வருகிறது. சர்க்கரை நோயாளிகளுக்கு லேபிள் பிடிக்கும். நாக்குக்குப் பிடிக்குமா என்பது வேறு கேள்வி: கடைசியில் நிற்கும் செயற்கை இனிப்பின் வாடை எல்லோருக்கும் ஒத்துவராது. பாலிலும் ஆல்-பிரானை விட ருசி குறைவு. நார்ச்சத்து குறைந்த இட்லி, வெள்ளைச் சோற்றுப் பழக்கத்திலிருந்து நேராக 18 கிராமுக்குத் தாவினால் வயிறு உப்பி, வாய்வு பிடித்து, மூன்றாம் நாளே டப்பா அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும்.

எந்தத் தவிட்டுச் சீரியலானாலும் முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டி போதும், வழக்கமான காலை உணவோடு. அடுத்த வாரம் நான்கு. அதற்குப் பிறகு முழுப் பங்கு. கூடவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். தண்ணீர் குறைந்தால் தவிடு மலச்சிக்கலைத் தீர்ப்பதற்குப் பதில் கூட்டிவிடும். "இதைச் சாப்பிட்டும் பலனில்லை" என்ற புகார்களில் பாதி இங்கேதான் முளைக்கின்றன.

மீதிப் பாதி கிண்ணத்தால் வருவது. கார்ன்ஃபிளேக்ஸ் ஒரு கப் 30 கிராம்தான் இருக்கும். ஆல்-பிரானின் தவிட்டுக் குச்சி அதே கப்பில் 60 கிராம். பழைய கைக்கணக்கில் கிண்ணம் நிறையக் கொட்டினால் 90 கிராம் போய்விடும்: 26 கிராம் நார்ச்சத்து, 260 கலோரி, 20 கிராம் சர்க்கரை. பெரியவர்களுக்கு நாள் முழுவதற்கும் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. அதை ஒரே வேளையில் திணிப்பது குடலுக்குத் தண்டனை. சமையல் தராசில் ஒருமுறை 40 கிராம் நிறுத்து, அது கிண்ணத்தில் எந்த உயரம் வருகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டால் பிறகு தராசு தேவைப்படாது.

வீட்டாபிக்ஸ் இந்த வரிசையில் அடக்கமானது. இரண்டு பிஸ்கட் 37.5 கிராம், நார்ச்சத்து 3.8 கிராம், சர்க்கரை 1.6 கிராம்தான். முழுக் கோதுமை 95 சதவீதம். மருந்தாக எடுக்கப் போதாது, தினசரி உணவாக நான்கிலும் இதுவே நல்லது. குழந்தைகளுக்கும் பல் இல்லாத பெரியவர்களுக்கும் ஏற்றது. கொதிக்கும் பாலை மேலே ஊற்றினால் ஒரு நிமிடத்துக்குள் களியாகிவிடும். வெதுவெதுப்பான பாலை ஓரமாக ஊற்றி உடனே சாப்பிட வேண்டும்.

ரெய்சின் பிரான் ஒரு கப் சுமார் 60 கிராம். நார்ச்சத்து 7 கிராம், சர்க்கரை சுமார் 17 கிராம். அதில் ஏறக்குறைய பாதி திராட்சையினுடையது, மீதி தனியாகச் சேர்த்தது. தின்பண்டமாக ருசிக்கலாம், நார்ச்சத்துக்காக என்று சொல்லி வாங்க வேண்டாம்.

கிரனோலா, பார் வகைகளில் நார்ச்சத்தின் எண் சந்தேகப்படும்படி அதிகமாக இருந்தால் பொருள் பட்டியலில் இனுலின் அல்லது சிக்கரி வேர் நார் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் அதையும் நார்ச்சத்துக் கணக்கில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அது தவிடு போல மலத்துக்குப் பருமன் தராது. பெருங்குடலில் நொதித்து வாயுவாகும்.

இரும்புச்சத்து சேர்த்ததாக லேபிளில் பெரிதாகப் போட்டிருப்பார்கள். தவிட்டிலேயே இருக்கும் ஃபைடிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொள்கிறது. பால் சேரும்போது உடலில் ஏறும் இரும்பு இன்னும் குறையும், மேலே ஒரு டீ என்றால் கேட்கவே வேண்டாம். டீயை ஒரு மணி நேரம் தள்ளிவைத்து, கூடவே ஒரு கொய்யா சாப்பிடுங்கள்; அதன் வைட்டமின் சி இரும்பை உள்ளே ஏற்ற உதவும், கொய்யாவே 100 கிராமுக்கு 8 கிராம் நார்ச்சத்தும் தரும். புரதம் நான்கிலுமே குறைவு. ஒரு முட்டையோ ஒரு கை சுண்டலோ சேராவிட்டால் பதினொரு மணிக்கே பசிக்கும்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் மாத்திரையை முதலில் போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே இதைச் சாப்பிட வேண்டும். உடல் மருந்தை உறிஞ்சுவதை நார் குறைத்துவிடும். தினமும் தவிடு சாப்பிடத் தொடங்கினால் மருத்துவரிடம் சொல்லி டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனையைப் பார்த்துக்கொள்வது நல்லது. எரிச்சல் குடல் நோய் உள்ளவர்களுக்குத் தவிடு பெரும்பாலும் தொல்லையைக் கூட்டும். சிறுநீரக நோயாளிகள் தவிட்டிலுள்ள பாஸ்பரஸ், பொட்டாசியம் காரணமாகக் கேட்காமல் தொடக்கூடாது. குளூட்டன் ஆகாதவர்களுக்கு நான்குமே கூடாது.

டப்பா விலை உறுத்தினால், கடையில் கிடைக்கும் வெறும் கோதுமைத் தவிடே போதும். 100 கிராமில் 40 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 7 கிராம், 3 கிராம் நாரைத் தரும். சப்பாத்தி மாவில் பிசையலாம், தோசை மாவில் கலக்கலாம். தண்ணீர் கொஞ்சம் கூட ஊற்றி கால் மணி ஊறவிட்டால் சப்பாத்தியில் விரிசல் விழாது. உணவுக்கென்று பாக்கெட் போட்டதையே வாங்குங்கள், மாட்டுத் தீவனக் கடைத் தவிடு வேண்டாம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கசந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.