தடுப்பூசிச் சான்று: கியூஆர் தாளா, சர்வர் தேடலா?

கொரோனா காலத்தில் ஊசி போட்டதை வாசலில் நிற்பவருக்கு நிரூபிக்க இரண்டு வழிகள். ஒன்று, செல்போன் எண்ணைச் சொல்லி மைய சர்வரில் தேடச் செய்வது. மற்றது, டிஜிட்டல் கையொப்பமிட்ட விவரத்தைக் கியூஆர் கட்டமாகத் தாளிலேயே அச்சிட்டுத் தருவது. இந்திய அரசின் தடுப்பூசித் தளமான கோவின் தந்தது இரண்டாவது வகை.

சர்வர் வழியில் ஒரு வசதி உண்டு: தேதி தப்பென்றால் ஓரிடத்தில் திருத்தினால் போதும், தாளை மறுபடி அச்சிட வேண்டாம். சரி, பேரையூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் சிக்னல் போனால்? அதைவிட என்னை உறுத்துவது, யார் எங்கே எப்போது போனார் என்ற தடம் சர்வரில் சேரும் ஆபத்து.

கியூஆர் தாளிலோ, கையொப்பத்தைச் சோதிக்க, எல்லோருக்கும் வெளியிடப்பட்ட திறவுகோல் (சரிபார்க்க உதவும் ஓர் எண்தொடர்) போதும். விவரத்தில் ஓர் எழுத்து மாறினாலும் பொருந்தாது. திறவுகோல் செயலியிலேயே இருந்தால் இணையமும் வேண்டாம். மாட்டுத்தாவணியில் ஜெராக்ஸ் எடுத்த தாளும் செல்லும். ஸ்மார்ட்போன் இல்லாத அப்பத்தாவுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

இதற்கான தரநிலை அவசரத்தில் பிறந்ததல்ல. சரிபார்க்கத்தக்க சான்றுகளுக்கான வரையறையை இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2019 நவம்பரிலேயே முடித்திருந்தது. 2020 ஏப்ரலில் கோவிட்-19 கிரெடென்ஷியல்ஸ் இனிஷியேட்டிவ் என்ற கூட்டமைப்பு உருவாகி, பல நாட்டு வல்லுநர்களை இதில் ஒன்றுசேர்த்தது. நான் கியூஆர் தாளின் பக்கம்தான்.

ஒரு குறை: தாளை நீட்டுபவர்தான் அதற்குரியவரா என்று கியூஆர் சொல்லாது. கூடவே அடையாள அட்டையையும் பார்க்க வேண்டும்.