மீட்டர் ஆடுகிறதே என்று ஆட்டோட்யூன் பெட்டி வாங்கிவிடாதீர்கள்

மெல்லிசைக் குழு வைத்திருப்பவர்கள், சமூக மன்ற நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைப்பு செய்பவர்கள் பழைய ஆட்டோட்யூன் ரேக் பெட்டி (பாடுகிறவர் ஸ்ருதி விலகினால் குரலைச் சரியான சுரத்துக்கு இழுத்துத் தரும் கருவி) வாங்கப் போவதாக இருந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். சிங்கப்பூரில் பழைய ஒலிக்கருவிகள் விற்கும் ஒரு கடையில் பெட்டிக்கு 480 வெள்ளி, அதை மிக்ஸரில் இணைத்து செட்டிங் வைத்துத் தர 120 வெள்ளி என்று எங்கள் குழு கொடுத்தது. இரண்டிலுமே ஏமாற்றம்தான். கடைப்பெயர் வேண்டாம். அங்கே நடந்த வித்தை தெரிந்தால் போதும்.

கடையில் காட்டியது இப்படி. கடைக்காரர் மைக்கைக் கொடுத்து, "பாடுங்கண்ணே, மீட்டர் எப்படி இழுக்குதுன்னு பாருங்க" என்றார். பாட்டுக்கு ஏற்ப முன்பக்கத் திரையில் மீட்டர் விளக்குகள் இடமும் வலமும் ஓடின. ஸ்பீக்கரில் குரல் வழவழவென்று வந்தது. அந்த வழவழப்பு கடை மிக்ஸரில் இருந்த ரிவெர்ப், அதாவது குரலுக்கு எதிரொலி சேர்ப்பது. பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மீட்டர் ஆடுவதற்குப் பெட்டி ஸ்ருதியைக் கண்டுபிடித்தால் போதும். திருத்திய குரல் வெளியே வருகிறதா என்பது வேறு விஷயம். குரலைத் திருத்தாமல் அப்படியே வெளியே விடுவதுதான் பைபாஸ். இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் அதற்கு ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், உண்டு. அது பைபாஸ் பக்கமே ஒட்டிக்கொண்டால், உள்ளே கணக்கு நடக்கும், திரை ஆடும், வெளியே வருவதோ உள்ளே போன அதே குரல். எங்களுக்கு விற்றது அப்படிப்பட்ட பெட்டி. ஸ்ருதி சுத்தமாகப் பாடுகிறவரை வைத்துச் சோதித்ததுதான் எங்கள் தவறு. சரியாகப் பாடுகிற குரலில் திருத்த எதுவும் இல்லை. அதனால் நல்ல பெட்டியும் கெட்ட பெட்டியும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

பாடகரே இல்லாமல் சோதிக்கலாம், ஐந்து நிமிட வேலை. கைபேசியில் வேண்டிய ஸ்ருதியில் ஒலி எழுப்பும் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றும், இன்னொரு கைபேசியில் ஸ்ருதியை அளந்து காட்டும் ட்யூனர் செயலியும் போட்டுக்கொள்ளுங்கள். பெட்டியை குரோமேடிக்கில் (12 சுரமும் திறந்த நிலை), திருத்தும் வேகத்தை மிக அதிகத்தில், அடிப்படை ஸ்ருதியை 440 ஹெர்ட்ஸில் வையுங்கள். முதல் கைபேசியிலிருந்து 447.7 ஹெர்ட்ஸ் அனுப்புங்கள். அது ஏ சுரத்துக்கு 30 சென்ட் மேலே (பக்கத்துப் பக்கத்துச் சுரங்களுக்கு நடுவே 100 சென்ட்). வெளியே வரும் ஒலியை ட்யூனர் 440 என்று காட்டவேண்டும். பைபாஸ் அழுத்தினால் மறுபடி 30 சென்ட் கூட்டிக் காட்டவேண்டும். எங்கள் பெட்டியில் திரை 30 சென்ட் இழுப்பதாகச் சொன்னது, ட்யூனர் இரண்டு நிலையிலும் 447.7 என்றே நின்றது. கடையின் மிக்ஸரிலும் லேப்டாப்பிலும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். லேப்டாப்பில் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் திருத்துவது எது என்று தெரியாது. பெட்டியின் வெளியீட்டில் நேராக ஹெட்போன் ஆம்ப் மாட்டிக் கேளுங்கள்.

கூடவே சில சில்லறை விஷயங்கள். பின்பக்க லேபிளைப் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியில் 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால், மூன்று முள் பிளக் மாற்றி போட்டுக் கொடுப்பது எதையும் சரிசெய்யாது. அது முள்ளின் வடிவத்தைத்தான் மாற்றும், இங்குள்ள 230 வோல்ட்டைக் குறைக்காது. வெளி அடாப்டர் உள்ள பழைய பெட்டிகளில் சில 9 வோல்ட் ஏசி கேட்கும். கடையில் 9 வோல்ட் டிசி அடாப்டரைச் சேர்த்துத் தருவார்கள். திரையில் வெளிச்சம் வரலாம், ஒலி சரியாக வராது. அணைத்துப் போட்டதும் சேமித்த செட்டிங்குகள் காணாமல் போனால் உள்ளே நாணய பேட்டரி தீர்ந்திருக்கிறது, வழக்கமாக 3 வோல்ட். சில பெட்டிகளில் அது ஈயத்தால் பற்றவைத்தே இருக்கும். ஸ்பீக்கரில் 'ம்ம்' என்ற இரைச்சல் 100 ஹெர்ட்ஸாக இருந்தால் பெட்டியின் மின்வழங்கிக் கெப்பாசிட்டர்கள் மேல் சந்தேகப்படுங்கள். 50 ஹெர்ட்ஸாக இருந்தால் எர்த் லூப் (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகிவிடுவது) ஆக இருக்கலாம், அதற்குப் பெட்டியைக் குறைசொல்ல முடியாது.

புகார் சொன்ன பிறகு கடைக்காரர் ரிலேயை மாற்றிக் கொடுத்தார். பெட்டி வேலை செய்யத் தொடங்கியதும்தான் 120 வெள்ளி இணைப்பு வேலையின் லட்சணம் தெரிந்தது. குரல் குழாய்க்குள்ளிருந்து பாடுவது போல வந்தது. ரிவெர்ப் பெட்டியை மாட்டுவது போல ஆக்ஸ் சென்டில் (குரலின் ஒரு நகலை மட்டும் வெளியே அனுப்பும் வழி) கொடுத்து, திரும்பி வருவதை இன்னொரு சேனலில் ஏற்றியிருந்தார்கள். அப்படிச் செய்தால் திருத்தாத குரலும் திருத்திய குரலும் ஒன்றாகச் சேரும். பெட்டிக்குக் கணக்குப் போடச் சில மில்லி விநாடி வேண்டும். 4 மில்லி விநாடி தாமதம் என்று வைத்துக்கொண்டால் 125, 375, 625 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக இரண்டு குரலும் ஒன்றையொன்று அடித்துவிடும். குழாய்ச் சத்தம் அதுதான்.

சரியான இடம் பாடகரின் சேனலில் உள்ள இன்சர்ட், அதாவது குரலை முழுதாக வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் துளை. ஒரு முனையில் டிஆர்எஸ் (நுனி, வளையம், உடல் என்று மூன்று தொடர்பு உள்ள பிளக்), மறுமுனையில் இரண்டு டிஎஸ் (வளையம் இல்லாத பிளக்) உள்ள கேபிள் வேண்டும். பெரும்பாலான மிக்ஸர்களில் நுனி அனுப்புவது, வளையம் திரும்ப வாங்குவது. மாறியிருந்தால் சேனலே ஊமையாகிவிடும், உங்கள் மிக்ஸரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். லைன் அளவு (மைக் தருவதைவிடப் பலமான சிக்னல்) மட்டும் ஏற்கும் பெட்டியில் மைக்கை நேரே மாட்டாதீர்கள். குரல் மெலிந்து வரும், பெட்டி ஸ்ருதியைத் தவறவிடும். திருத்தம் முதலில், பிறகு கம்ப்ரசர் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), கடைசியில் ரிவெர்ப். ரிவெர்ப் கலந்த குரலில் முந்தைய சுரத்தின் வாலும் சேர்ந்தே வருவதால் பெட்டி குழம்பும். டோலக், தபேலா ஒலியோ, பாடகர் தன் குரலைக் கேட்கும் மானிட்டர் ஸ்பீக்கரின் ஒலியோ மைக்கில் ஏறினாலும் இதே குழப்பம்தான். இரண்டு பேர் பாடும் மைக்கில் இதைப் போடவே வேண்டாம், ஒரு நேரத்தில் ஒரு குரலுக்குத்தான் இது. இன்சர்ட்டில் போட்டால் பாடகரின் மானிட்டருக்கும் திருத்திய குரலே போகும். தான் எங்கே விலகுகிறோம் என்பது அவருக்கே தெரியாமல் போகும். மைக்கைப் பிரித்து, மானிட்டருக்கு மட்டும் தனிச் சேனல் கொடுப்பது நல்லது.

செட்டிங் இன்னும் மோசம். குரோமேடிக், முழு வேகம் என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். குரோமேடிக்கில் 12 சுரமும் திறந்திருக்கும். பாடகர் 60 சென்ட் இறங்கினால் கீழே உள்ள சுரத்துக்கு 40 சென்ட்தான் தூரம், பெட்டி அந்தப் பக்கமே இழுக்கும். 60 சென்ட் பிசகு 100 சென்ட் பிசகாகிவிடும். அதையும் அழுத்தந்திருத்தமாகப் பாடிக் காட்டும்!

பாட்டின் சுரங்களை மட்டும் திறந்து வையுங்கள். 5 கட்டையில் மோகனம் என்றால் ஜி, ஏ, பி, டி, இ. மற்ற ஏழையும் நீக்கலாம், அல்லது அந்தச் சுரங்களுக்கு மட்டும் பைபாஸ் வைக்கலாம். இரண்டும் ஒன்றல்ல. நீக்கினால் அந்தச் சுரத்தைத் தொட்டதும் பக்கத்துச் சுரத்துக்கு இழுக்கும், பைபாஸ் என்றால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அந்நிய சுரம் வரும் திரைப்பாட்டுக்கு பைபாஸ்தான். பெட்டியின் அடிப்படை ஸ்ருதியைத் தம்பூராவுக்கோ ஆர்மோனியத்துக்கோ ஒத்து வையுங்கள். ஆர்மோனியம் 442-இல் இருந்து பெட்டி 440-இல் இருந்தால், ஒவ்வொரு சுரமும் 8 சென்ட் கீழே நிற்கும்.

திருத்தும் வேகம் மிகையானால் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, படிக்கட்டாகிவிடும். விநாடிக்கு ஆறு அசைவு என்றால் ஓர் அசைவுக்கு 167 மில்லி விநாடிதான். 10, 20 மில்லி விநாடியில் இழுக்கும் பெட்டி அதை அசையவே விடாது. 100 மில்லி விநாடிக்கு மேலே வைத்தால் ஓரளவு தப்பிக்கும். அசைந்தே ஒலிக்கும் தோடி காந்தாரம் பாடும் கச்சேரிக்கு இந்தப் பெட்டியை மேடையிலேயே வைக்காதீர்கள் என்பது என் கருத்து.

பணத்துக்கு வருவோம். ரசீதில் 'இருக்கும் நிலையில் விற்பனை' என்று எழுதியிருந்தது. அப்படி எழுதியிருந்தாலும், 2012 செப்டம்பர் முதல் சிங்கப்பூரில் நடப்பில் உள்ள லெமன் சட்டம் (குறையுள்ள பொருளை வாங்கியவருக்குப் பரிகாரம் தருவது) கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் பொருந்தும், பொருளின் வயதும் விலையும் கணக்கில் வரும். ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், விற்கும்போதே அது இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டவேண்டியது கடைக்காரர். முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்று, அது சரிப்படாவிட்டால் விலைக்குறைப்பு அல்லது பணம் திரும்ப. விற்கும் முன்பே குறையைச் சொல்லியிருந்தால் அதற்குக் கேட்க முடியாது. தனி ஆள் தனி ஆளுக்கு விற்றதற்கும் இந்தச் சட்டம் வராது. பயனீட்டாளர் சங்கம் வழியாகச் சரிவராவிட்டால், 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம்.

மாற்றிய ரிலேயும் மூன்றாம் வாரம் ஒட்டிக்கொண்டது. 447.7 ஹெர்ட்ஸ் சோதனையைக் காணொளி எடுத்து அனுப்பிய பிறகுதான் 480 வெள்ளி பேநவ் (வங்கிக் கணக்குக்கு உடனடிப் பணமாற்று) வழியாகத் திரும்பி வந்தது. 120 வெள்ளி வரவில்லை. "வேலை செஞ்சு கொடுத்தாச்சுல்லண்ணே" என்கிறார். இன்சர்ட்டா ஆக்ஸா, எந்தக் கட்டை, என்ன வேகம் என்று ரசீதில் ஒரு வரிகூட இல்லாததால் அதை மறுத்துப் பேச எங்களிடம் தாள் இல்லை. நீங்கள் பணம் கொடுக்கும் முன் அந்த மூன்றையும், கூடவே 'ஸ்ருதித் திருத்தம் வேலை செய்கிறது, 230 வோல்ட்' என்பதையும் எழுதி வாங்குங்கள்.