லைட் ஆபரேட்டர் இல்லாத டிஜேவுக்கு எந்த கன்ட்ரோலர்?

கல்யாண ரிசப்ஷன், காதணி விழா, காலேஜ் பேர்வெல் என்று டிஜே போடும் பலரிடம் லைட்டுக்கென்று தனி ஆள் கிடையாது. பாட்டு மிக்ஸ் செய்பவரே லைட்டையும் பார்க்க வேண்டும். என் செட்டும் அப்படித்தான்: 8 எல்இடி பார், 4 ஷார்ப்பி (மெல்லிய கற்றை வீசி அசையும் லைட்), ஒரு ஸ்மோக் மெஷின். இதைத் தானாக ஓட்ட ஒரு லைட் கன்ட்ரோலர் தேடியபோது கடைசியில் மூன்று மிஞ்சின. டிஜே மென்பொருளான ரெக்கார்ட்பாக்ஸின் லைட்டிங் மோடும், அதை லைட்டோடு இணைக்கும் ஆர்பி-டிஎம்எக்ஸ்1 பெட்டியும் ஒன்று. சவுண்ட்ஸ்விட்ச் என்ற லைட் மென்பொருள் இன்னொன்று. மூன்றாவது, பாட்டைக் கேட்டே லைட்டை ஓட்டும் மேஸ்ட்ரோடிஎம்எக்ஸ் பெட்டி. நான் வாங்கியது மேஸ்ட்ரோ. இந்த அலசலும் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

சானல் கணக்கைப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். லைட்டுக்குக் கட்டளை போகும் முறைக்குப் பெயர் டிஎம்எக்ஸ்; அதன் ஒரு லைனில் (யூனிவர்ஸ்) 512 சானல். நிறம், வெளிச்சம், அசைவு என்று ஒவ்வொன்றும் ஒரு சானலை எடுக்கும். பார் ஒன்றுக்கு 8, ஷார்ப்பி ஒன்றுக்கு 16 என்று வைத்தாலும் என் லைட்டுகள் மொத்தம் 128 சானல்தான். மூன்றுமே தாராளமாகத் தாங்கும்.  லைட்டுக்குள்ளேயே இருக்கும் சவுண்ட் மோடை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒவ்வொரு லைட்டும் தன் மைக்கில் விழுந்ததற்குத் தனியாக மின்னும், கூட்டம் கத்தினாலும் மின்னும். வாடகைக் கடைகளில் இன்றும் கிடைக்கும், கையால் இயக்கும் 192 சானல் கன்ட்ரோலர் நல்ல சாமான். 240 சீன் (சேமித்த லைட் அமைப்பு), 6 சேஸ் (சீன்கள் மாறி மாறி ஓடும் வரிசை) வைத்துக்கொண்டு கைதேர்ந்த ஆபரேட்டர் அருமையாக ஓட்டுவார். ஆனால் அந்த ஆபரேட்டர்தானே நம்மிடம் இல்லை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்விதான்: இப்போது என்ன பாட்டு ஓடுகிறது என்று லைட்டுக்கு யார் சொல்கிறார்கள்?

ரெக்கார்ட்பாக்ஸ் பாட்டு ஃபைலை முன்கூட்டியே அலசி, இன்ட்ரோ, கோரஸ், அவுட்ரோ என்று துண்டு பிரித்துவிடும். ஒவ்வொரு துண்டுக்கும் பொருத்தமான லைட் காட்சியைத் தானே எடுத்துக்கொள்ளும். சவுண்ட்ஸ்விட்ச் ஒரு படி மேலே போய் பாட்டுக்கென்று ஒரு ஸ்கிரிப்டே எழுதித் தரும். பிடிக்காத இடத்தை டைம்லைனில் நாம் திருத்தலாம். செராட்டோ, விர்ச்சுவல் டிஜே என்ற டிஜே மென்பொருள்கள் இரண்டோடும் ஓடும். டெனான் பிரைம் வகை பிளேயர் இருந்தால் நிகழ்ச்சி நேரத்தில் லேப்டாப்பே வேண்டாம். இந்த இரண்டுக்கும் அடுத்து வரப்போவது தெரியும் என்பது பெரிய பலம். டிராப்புக்கு (பாட்டு அடங்கி பீட் வெடிக்கும் இடம்) ஒரு பீட் முன்னால் மேடையை இருட்டாக்கி, டிராப் விழும்போது எல்லா ஷார்ப்பியையும் ஒரே நேரத்தில் திறக்க முடியும். காதால் கேட்டு ஓடும் எந்தப் பெட்டியாலும் இதை அவ்வளவு சுத்தமாகச் செய்ய முடியாது.

சரி, நம்ம ஊர் ரிசப்ஷனுக்கு வருவோம். மாப்பிள்ளை பொண்ணு என்ட்ரிக்குச் செண்டை மேளம். அப்புறம் ஆங்கர் பேச்சு. அத்தை பெண் ஆடப்போகிறாள் என்று யாரோ ஒரு போனை நீட்டுவார்கள், அதிலிருந்து நேரடியாகப் பாட்டு. நடுவில் மாமா ஒருவர் கரோக்கி பாடுவார். நண்பர்கள் பறை ஏற்பாடு செய்திருந்தால் அதுவும் உண்டு. இவை எதுவும் லேப்டாப் டெக் வழியாக வருவதில்லை. ஃபைலைப் படித்து ஓடும் லைட்டுக்கு இந்த நேரமெல்லாம் ஒன்றும் தெரியாது. ரெக்கார்ட்பாக்ஸில் ஆம்பியன்ட் மோடும், சவுண்ட்ஸ்விட்சில் ஆட்டோலூப்பும் இருப்பது உண்மைதான். லைட் அணையாமல் ஓடும். ஆனால் செண்டை உச்சத்துக்கு ஏறும்போது அதுவும் கூடவே ஏறாது.

அலசிய பாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. இந்த மென்பொருள்கள் பாட்டை நான்கு நான்கு பீட்டாக எண்ணுகின்றன. நம் குத்துப்பாட்டில் கணிசமானவை 6/8, அதாவது ஆறாக எண்ணும் தாளம். பீட் விழும் இடங்களைக் குறிக்கும் கிரிட் தப்பாக விழுந்தால் லைட் மாறும் இடமும் தப்பும். ஆட்கள் உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்த 1980-களின் பாட்டுகளில் வேகம் கொஞ்சம் ஏறி இறங்கும். அங்கேயும் கிரிட் நகர்ந்துவிடும். கையால் திருத்தலாம்தான். வாரா வாரம் புதுப்பாட்டு வரும் தொழிலில் அந்த வேலை ஒருநாளும் முடியாது.

மேஸ்ட்ரோவுக்கு ஃபைல் தேவையில்லை. ஆடியோவைக் கொடுத்தால் அது கேட்டு, ஓட்டும். எந்த லைட் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை சொல்லி, நிறத்தையும் பேட்டர்னையும் தேர்ந்தெடுத்து க்யூவாகச் சேமித்துக்கொள்ள வேண்டும். பாட்டு அடங்கினால் லைட்டும் அடங்கும், ஏறினால் ஏறும்.

இதில் முக்கியம் அதற்கு எந்த ஆடியோவைக் கொடுக்கிறோம் என்பது. மெயின் அவுட்டிலிருந்து கொடுத்தால் ஆங்கர் பேசும்போதும் மேடை லைட் ஆடும். நான் சின்ன மிக்சரில் ஒரு ஆக்ஸை (தனி அவுட்புட்) இதற்கென்றே ஒதுக்கி, ப்ரீ-ஃபேடரில் (ஃபேடர் இறங்கியிருந்தாலும் ஆடியோ போகும்படி) வைத்திருக்கிறேன். பாட்டு சானலை அந்த ஆக்ஸுக்குத் திறந்து, ஆங்கர் மைக்கை மூடிவிடுவேன். செண்டைக்கு ஒரு மைக் வைத்து, அதன் ஃபேடரைக் கீழே இறக்கிவிட்டு ஆக்ஸை மட்டும் திறப்பேன். ஸ்பீக்கரில் சத்தம் வராது, லைட்டுக்கு மட்டும் கேட்கும். பாட்டு மிக்ஸ் செய்யும் டிஜே கன்ட்ரோலரை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்வது கஷ்டம்; சின்னதாக ஒரு மிக்சர் வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேஸ்ட்ரோவால் ஆகாததும் உண்டு. மோதிரம் மாற்றும்போதும், குடும்பம் குடும்பமாக மேடையேறிப் படம் எடுக்கும்போதும் முகத்தில் நீலமும் சிவப்பும் ஓடக்கூடாது. போட்டோகிராபர் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. அதற்கென்று அசையாத வார்ம் க்யூ ஒன்றை வைத்து, சரியான நேரத்தில் நாம்தான் மாற்ற வேண்டும். பெட்டிக்குப் பாட்டு கேட்கும், மேடையில் நடப்பது தெரியாது.

கிளப்பிலோ, காலேஜ் ஈடிஎம் நைட்டிலோ, முழு செட்டும் உங்கள் லைப்ரரியிலிருந்தே போகிறது என்றால் நான் சொன்ன குறை எதுவும் உங்களைத் தொடாது. பயோனியர் டெக் இருந்தால் ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ அல்லது டெனான் என்றால் சவுண்ட்ஸ்விட்ச், தயங்காமல் எடுங்கள். அங்கே மேஸ்ட்ரோவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் இதை ஓட்டியதெல்லாம் மண்டபத்துக்குள், சின்ன செட்டில்தான். கோயில் திருவிழா மைதானத்தில் பெரிய ட்ரஸ் (லைட் தொங்கவிடும் சட்டம்) நிறைய ஷார்ப்பி தொங்கும்போது எப்படி நடந்துகொள்ளும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அந்த அளவு வேலைக்கு இன்னமும் ஆபரேட்டரோடுதான் லைட்டை வாடகைக்கு எடுக்கிறேன்.