எண்ணில் வராத குணங்களைத் தேடி: டொராண்டோ ஹாக்கி புகழ் மண்டபம், ஒரு மதிப்புரை

டொராண்டோவில் யங் தெருவும் ஃப்ரன்ட் தெருவும் சந்திக்கும் முனையில் இருக்கும் ஹாக்கி புகழ் மண்டபத்துக்கு இதுவரை மூன்று முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் எல்லோரையும் போல, வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கியின் வெற்றிக்கோப்பையான ஸ்டான்லி கோப்பையைப் பார்க்கத்தான் போனேன். மூன்றாம் முறை போனதற்குக் காரணம் வேறு. எங்கள் பகுதிப் பிள்ளைகளின் ஐஸ் ஹாக்கி அணிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் என்னையும் சேர்த்திருந்தார்கள். அதிகக் கோல் அடிக்கும் பையனா, தோற்ற நாளில் மற்றவர்களைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பும் பையனா என்று இரண்டு கூட்டங்களில் பேசியும் எங்களால் முடிவுக்கு வர முடியவில்லை. தலைமைப் பண்பு, பொறுமை, துணிவு, சக ஆட்டக்காரர்களுக்காக விட்டுக்கொடுக்கும் மனம் ஆகிய எண்ணில் வராத குணங்களைத் தொழில்முறை ஹாக்கி எப்படி எடைபோடுகிறது என்று தெரிந்துகொள்ளவே அந்த முறை நுழைவுச்சீட்டு வாங்கினேன். ஆகவே இந்த மதிப்புரையும் அந்த ஒரு கேள்வியை ஒட்டியே போகிறது.

கண்காட்சியின் பெரும்பகுதி புரூக்ஃபீல்டு பிளேஸ் வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. யூனியன் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். பக் எனப்படும் ரப்பர் வட்டை அடித்துப் பார்க்கும் இடம், கோல் காக்கும் இடம் முதலிய விளையாட்டுப் பகுதிகள் பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். என் கேள்விக்கு அங்கே வேலை இல்லாததால் விரைவாகக் கடந்துவிட்டேன். நான் நெடுநேரம் நின்றது கண்ணாடிக் கூரை வேய்ந்த மேல்மண்டபத்தில். 1885இல் கட்டப்பட்ட வங்கிக் கட்டடம் அது. 1993 முதல் புகழ் மண்டபத்தின் பகுதியாக இருக்கிறது. வங்கியின் பழைய இரும்புப் பெட்டக அறையில் ஸ்டான்லி பிரபு 1892இல் வாங்கித் தந்த முதல் வெள்ளிக் கிண்ணத்தை வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் வட அமெரிக்கத் தொழில்முறை அணிகள் ஆடும் தேசிய ஹாக்கி லீகின் விருதுகளும், புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டவர்களின் முகங்கள் பொறித்த கண்ணாடிப் பலகைகளும் இருக்கின்றன.

விருதுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போகும்போது, ஒரு நூற்றாண்டாக இந்த விளையாட்டு குணத்தை அளக்க எத்தனை வழிகளில் முயன்றிருக்கிறது என்பது தெரியவரும். மிகப் பழைய முயற்சி லேடி பிங் விருது. கனடாவின் கவர்னர் ஜெனரலின் மனைவியான அந்த அம்மையார், திறமையாகவும் கண்ணியமாகவும் ஆடுபவருக்கென்று 1925இல் இதைத் தந்தார். நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் ஃப்ராங்க் பூஷே எட்டுப் பருவங்களில் ஏழு முறை இதை வென்றதால், மூலக் கோப்பையையே அவருக்குக் கொடுத்துவிட்டு லேடி பிங் வேறொன்று செய்துதந்தார் என்பது வரலாறு. ஆனால் கண்ணியத்தை எப்படி அளப்பது? நடைமுறையில் வாக்களிப்போரின் கண், விதி மீறியவர் களத்துக்கு வெளியே உட்கார வேண்டிய தண்டனை நிமிடங்களின் கணக்குக்கே போகிறது. எதிராளியை மோதித் தடுப்பதே வேலையாக உள்ள தற்காப்பு ஆட்டக்காரர்களுக்கு இதனால் இந்த விருது அரிதாகவே கிடைக்கிறது. அவர்களில் முதலில் வென்ற பில் குவாக்கன்புஷ், 1948-49 பருவம் முழுவதும் ஒரு தண்டனைகூடப் பெறாமல் ஆடித்தான் வென்றார். குணத்தை எண்ணாக மாற்றியதும் அளப்பது எளிதாகிவிடுகிறது. கடுமையாக ஆடிக்கொண்டே நேர்மை தவறாதவர் அந்த அளவைக்குள் வருவதில்லை.

பில் மாஸ்டர்டன் விருது வேறு வகை. மினசோட்டா அணியின் மாஸ்டர்டன் 1968 ஜனவரி 13 அன்று ஆட்டத்தின்போது தலையில் அடிபட்டு, இரண்டு நாள் கழித்து இறந்தார். அவர் நினைவாக, விடாமுயற்சிக்கும் விளையாட்டின்மீது கொண்ட அர்ப்பணிப்புக்கும் இது வழங்கப்படுகிறது. ஒவ்வொரு அணியின் ஆட்டத்தையும் நாள்தோறும் எழுதும் செய்தியாளர்கள் அந்தந்த அணியிலிருந்து ஒருவரை முன்மொழிகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த முறை இது. எண் எதுவும் கேட்கப்படுவதில்லை. ஆனால் அருகிலிருந்து பார்த்தவர்கள் ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். புற்றுநோயிலிருந்தோ கொடிய காயத்திலிருந்தோ மீண்டு வந்தவர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலில் அடிக்கடி வருவது இயல்பே.

தலைமைப் பண்பை நேரடியாகப் பெயரிட்டுப் பாராட்டும் விருதுகளுக்கு வருகிறேன். 1988 முதல் வழங்கப்படும் கிங் கிளான்சி விருது, களத்திலும் வெளியிலும் தலைமை காட்டி, சமூகத்துக்கும் தொண்டு செய்தவருக்குரியது. 2007 முதல், புகழ்பெற்ற அணித்தலைவரான மார்க் மெசியே பெயரிலேயே ஒரு தலைமைத்துவ விருது இருக்கிறது. அணிகளின் கருத்தைக் கேட்டு மெசியே தாமே பெயரைத் தேர்ந்தெடுக்கிறார். ஒரு தலைவரைக் கண்டறிய இன்னொரு தலைவரின் கண்ணை நம்புவது என்பது அதன் அடிப்படை. அந்தக் கண் எப்படி உருவானது என்பதற்கு மெசியேயின் கதையே விளக்கம். நான் அதிக நேரம் நின்றதும் அவருடைய பலகைக்கு எதிரேதான்.

1994 மே மாதம். ஏழு ஆட்டங்களில் நான்கை வெல்ல வேண்டிய தொடரில், மெசியே தலைவராக இருந்த ரேஞ்சர்ஸ் நியூஜெர்சியிடம் 3-2 எனப் பின்தங்கியிருந்தது. ஆறாவது ஆட்டத்தை வெல்வோம் என்று மெசியே செய்தியாளர்களிடம் உறுதி கூறினார். ஆட்டத்தில் அணி 2-0 என்று பின்தங்கியது. மூன்றாம் பகுதியில் அவரே மூன்று கோல் அடித்து 4-2 என்று வென்று காட்டினார். அந்த ஆண்டு ரேஞ்சர்ஸ் 54 ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டான்லி கோப்பையை வென்றது. எட்மன்டனுக்கு 1990இலும் நியூயார்க்குக்கு 1994இலும் என இரண்டு அணிகளுக்குத் தலைவராக இருந்து கோப்பை வென்றவர் அவர் ஒருவர்தான். இதுவரை கேட்டால், தலைமைப் பண்பு என்பது ஒருவர் தம்மோடு சுமந்து செல்லும் சொத்து என்றே தோன்றும்.

1997இல் அவர் வான்கூவருக்குப் போனார். அங்கே 1991 முதல் தலைவராக இருந்த டிரெவர் லிண்டன், தன் மார்பிலிருந்த, தலைவரைக் குறிக்கும் 'சி' எழுத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார். 1994 இறுதித் தொடரில் மெசியேயின் அணியிடம் தோற்றபோது ஏழாவது ஆட்டத்தில் வான்கூவரின் இரண்டு கோல்களையும் அடித்தவர் இந்த லிண்டன்; 1997இல் கிங் கிளான்சி விருது பெற்றவரும் இவரே. 1974இல் மூளைப் புற்றுநோயால் இறந்த தன் ஆட்டக்காரர் வேன் மேக்கியின் நினைவாக வான்கூவர் அணி யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த 11ஆம் எண் சட்டை மெசியேக்குத் தரப்பட்டது. 1998 பிப்ரவரியில் லிண்டன் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். மெசியே இருந்த மூன்று பருவங்களிலும் வான்கூவர், கோப்பைக்கான பிளேஆஃப் எனும் வெளியேற்றுச் சுற்றுக்கே போகவில்லை. மனிதர் அவரேதான், ஆனால் நியூயார்க்கில் அணியின் உடைமாற்று அறை முழுவதையும் தூக்கி நிறுத்திய உறுதி வான்கூவர் அறையில் பிடிப்புக் கொள்ளவில்லை. தலைமை என்பது ஒருவருக்குள் மட்டும் இருப்பதாக எண்ணி அவரைத் தனியே நிறுத்தி எடைபோடுகிறவர்கள், அவருக்கும் சுற்றியிருக்கும் இருபது பேருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள். மெசியே 2007இல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். அதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இருக்க முடியாது. ஆனால் நியூயார்க்கையும் வான்கூவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவருடைய தலைமையை முழுமையாக மதிப்பிட்டதாகும் என்று நினைக்கிறேன்.

அந்த 'சி' எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சட்டையின் முன்புறம் ஏறக்குறைய மூன்று அங்குல உயரத்தில் அது இருக்க வேண்டும் என்பது லீக் விதி. ஓர் அணிக்கு ஒரே தலைவர். களத்தில் விதியின் பொருளைப் பற்றி நடுவரிடம் பேசும் உரிமை அந்த எழுத்தோடு வருகிறது. கோல் காப்பாளர் அதை அணியக் கூடாது. இருந்தும் 2008இல் வான்கூவர் தன் கோல் காப்பாளர் ராபர்ட்டோ லுவாங்கோவைத் தலைவராக அறிவித்தது; சட்டையில் போட முடியாத எழுத்தை அவர் தம் முகக்கவசத்தில் வரைந்துகொண்டார். சக ஆட்டக்காரர்கள் யாரைத் தலைவராக ஏற்கிறார்கள் என்பதை விதியால் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

புகழ் மண்டபம் தானே ஒரு நீதிமன்றம் என்பதை மறக்கக் கூடாது. 18 பேர் கொண்ட தேர்வுக் குழுவில் 14 வாக்குகள் கிடைத்தால்தான் ஒருவர் உள்ளே வர முடியும். ஆடும் திறன், விளையாட்டு நேர்மை, நற்குணம், அணிக்கும் ஹாக்கிக்கும் ஆற்றிய பங்களிப்பு ஆகியவற்றை எடைபோட வேண்டும் என்று விதியே சொல்கிறது. இந்த விதியை நான் மதிக்கிறேன். 1160 ஆட்டங்களில் 239 கோல் மட்டுமே அடித்த மான்ட்ரியல் அணியின் பாப் கெய்னி 1992இல் உள்ளே வந்தது இதனால்தான். தற்காப்பில் சிறந்த முன்கள ஆட்டக்காரருக்கான செல்கி விருதை, அது தொடங்கிய 1978 முதல் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் அவரே பெற்றார். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை இரவு முழுவதும் நிழல்போலத் தொடர்ந்து அடக்குவது அவர் வேலை. அதே மான்ட்ரியல் மரபில் வந்து, மூன்று செல்கி விருதுகளும் 1993இல் தலைவராக ஸ்டான்லி கோப்பையும் வென்ற கி கார்போனோவோ, தகுதி பெற்ற பிறகும் 2019 வரை பதினாறு ஆண்டுகள் காத்திருந்தார்.

எதனால் அந்தத் தாமதம்? சொல்ல மாட்டார்கள். குழுவின் விவாதமும் வாக்குக் கணக்கும் இரகசியம். 1964 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் தூக்குப் படுக்கையில் வெளியே கொண்டுபோகப்பட்ட டொராண்டோ அணியின் பாபி பான், காலைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தார்; கால் எலும்பு முறிந்திருந்தது. டொராண்டோவில் துணிவுக்கு எடுத்துக்காட்டாக இன்றும் அதைத்தான் சொல்வார்கள். அவர் புகழ் மண்டபத்தில் இல்லை. ஓர் இரவின் துணிவு ஒரு வாழ்நாள் ஆட்டத்துக்கு ஈடாகாது என்று குழு கருதியிருந்தால் அது நியாயமான வாதமே; அந்த வாதத்தை வெளிப்படையாக வைத்தால் எங்களைப் போன்றவர்கள் எவ்வளவோ கற்றுக்கொள்வோம். இன்னொரு பக்கம், ஆட்டக்காரர் சங்கத்தை நெடுங்காலம் நடத்திய ஆலன் ஈகில்சன் 1989இல் ஹாக்கியை வளர்த்தவர்களின் வரிசையில் சேர்க்கப்பட்டார்; 1998இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டபின், முன்னாள் ஆட்டக்காரர்கள் தாங்கள் வெளியேறுவோம் என்று எச்சரித்த நிலையில் விலகினார். நற்குணத்தை எடைபோடும் குழுவுக்கு முன்னால் இருந்தது அவருடைய வெளித்தோற்றம் மட்டுமே. அவரோடு பழகி ஏமாந்தவர்கள்தான் கடைசியில் சரியாகத் தீர்ப்புச் சொன்னார்கள்.

இவ்வளவையும் பார்த்தபின் என் மதிப்பீடு இது: செயலைக் கண்முன் நிறுத்தும் இடங்களில் இந்த மண்டபத்துக்கு நிகர் இல்லை. 'மாபெரும் தலைவர்' என்ற அடைமொழியோடு நிற்கும் இடங்களில் நாம் புதிதாக ஒன்றும் அறிவதில்லை. ரே போர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1987 டிசம்பரில் தன் முன்னாள் ஆட்டக்காரர் ஃபில் எஸ்போசிட்டோவின் 7ஆம் எண்ணை, இனி யாரும் அணியாதபடி பாஸ்டன் அணி ஓய்வுக்கு அனுப்பிய விழாவில், அதுவரை அந்த எண்ணை அணிந்திருந்த போர்க், எல்லோர் முன்னிலையிலும் தன் சட்டையைக் கழற்றி எஸ்போசிட்டோவிடம் கொடுத்தார். உள்ளே 77 என்று எழுதிய சட்டையை முன்கூட்டியே போட்டிருந்தார். 2001 ஜூனில், 22 பருவங்கள் ஆடியும் கோப்பை காணாதிருந்த அதே போர்க் கொலராடோவில் வென்றபோது, முதலில் கோப்பையைத் தலைக்குமேல் தூக்கும் உரிமை தலைவர் ஜோ சாகிக்குக்கு இருந்தது. சாகிக் அதை வாங்கியதும் தூக்கவில்லை. நேராகப் போர்க்கின் கையில் கொடுத்தார். இந்த இரண்டையும் நான் எங்கள் குழுவில் சொன்னபோது பேச்சின் போக்கே மாறியது. யார் அதிகம் பேசுகிறான் என்பதை விட்டுவிட்டு, யார் எதை விட்டுக்கொடுத்தான் என்று ஒவ்வொரு பையனைப் பற்றியும் நினைவுகூரத் தொடங்கினோம்.

போக விரும்புவோர் குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். விளையாட்டுப் பகுதியில் பிள்ளைகளை முதலில் ஓடவிட்டுவிட்டு, பிறகு மேல்மண்டபத்துக்கு வாருங்கள். கோடையில் வென்ற அணியின் ஒவ்வொருவரும் கோப்பையை ஒரு நாள் தம்மோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் இருப்பதால், ஆட்டக்காரர்கள் ஏந்தும் கோப்பை அப்போது ஊர் ஊராகப் பயணத்தில் இருக்கும். அதேபோல் செய்த இன்னொன்று இங்கே நிற்கும். எதுவானாலும், வென்றவர்களின் பெயர்கள் பொறித்த கோப்பையில் 1998ஆம் ஆண்டின் டெட்ராய்ட் வரிசையைத் தேடிப் பாருங்கள். 1997இல் கோப்பை வென்று ஆறாம் நாள் நடந்த கார் விபத்தில் டெட்ராய்டின் விளாடிமிர் கான்ஸ்டன்டினோவ் தலையில் பலத்த காயமடைந்தார். பிறகு அவர் ஆடவே இல்லை. மறு ஆண்டும் டெட்ராய்ட் வென்றபோது, தலைவர் ஸ்டீவ் ஐசர்மன் கோப்பையை முதலில் சக்கர நாற்காலியில் இருந்த கான்ஸ்டன்டினோவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டமும் ஆடாத அவர் பெயரைப் பொறிக்க அணி தனியாக அனுமதி கேட்டுப் பெற்றது. எழுத்துகள் சிறியவை, வெள்ளியில் விளக்கொளி பட்டுக் கண் கூசும். தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் பெயர் தெரியும்.