‘எங்க தோட்டத்துச் சரக்கு’ என்று சொல்லி விற்பவரிடம் கொஞ்சம் கவனம்

வாரம் ஒருநாள் கூடும் விவசாயிகள் சந்தையில் காய், பழம் வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சந்தையையே குறை சொல்ல வரவில்லை. உண்மையிலேயே தான் விளைவித்ததைக் கொண்டுவந்து விற்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவிலேயே, மொத்தச் சந்தையில் பெட்டி பெட்டியாக எடுத்துவந்து ‘எங்கள் தோட்டத்தில் விளைந்தது, ஆர்கானிக்’ என்று பலகை வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஒரு கடையில் கூடுதல் விலை கொடுத்து ஏமாந்த கதை இது.

மாட்டிவிட்டது ஆப்பிள்தான். வீட்டில் கழுவும்போது தோலில் ஓரிடம் மட்டும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. பார்த்தால், ஸ்டிக்கரை உரித்த தடம். பையில் இருந்த மற்ற பழங்களிலும் பாதிக்கு மேல் அதே தடம். ஒன்றில் உரிக்க மறந்த ஸ்டிக்கரே இருந்தது, நான்கு இலக்க எண்ணோடு. பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடைக்கும் இடத்தில் ஒட்டுவது அது. பெரிய கடைகளில் பில் போடும்போது எந்த வகைப் பழம் என்று தெரிவதற்காக ஒட்டுகிறார்கள். காலையில் மரத்திலிருந்து பறித்து நேரே கொண்டுவந்த பழத்துக்கு அது எதற்கு? போதாக்குறைக்கு, ஆர்கானிக் பழமாக இருந்தால் வழக்கமாக அந்த எண்ணுக்கு முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமாக வரும். இதில் 9 இல்லை.

அடுத்த வாரம் கடையை நிதானமாகப் பார்த்தேன். ஆப்பிளும் மாம்பழமும் அருகருகே குவிந்திருந்தன. இரண்டும் சொந்தத் தோட்டமாம். பெரும்பாலான ஆப்பிள் வகைகள் ஒழுங்காகப் பூக்க, குளிர்காலத்தில் ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரம் குளிர் வேண்டும். மாமரமோ உறைபனி தாங்காது. இரண்டும் ஒரே தோட்டத்தில் இப்படிக் கொட்டுகிறது என்றால், அவர் பழத்தை விட்டுவிட்டு அந்த மண்ணைக் கூறு போட்டு விற்கலாம்.

மேசைக்கு அடியில் தொங்கிய துணி காற்றில் விலகியபோது உள்ளே அட்டைப்பெட்டிகள் தெரிந்தன. ஒரு மொத்த வியாபாரியின் பெயர் அச்சிட்ட பெட்டிகள்.

“இது உங்க தோட்டத்துலதான் விளைஞ்சதாங்க?” என்று கேட்டேன்.

“நம்ம தோட்டம்தாங்க. பத்தாததுக்குப் பக்கத்துத் தோட்டத்துல எடுப்போம்.”

“பக்கத்துத் தோட்டம்னா எந்த ஊரு?”

“வாங்குறதா இருந்தா வாங்குங்க, பின்னாடி ஆள் நிக்குது பாருங்க.”

வாங்கி விற்பதில் தப்பே கிடையாது, அதுவும் ஒரு தொழில். அதைச் சொந்த விளைச்சல் என்று சொல்லி விலையை ஏற்றுவதுதான் மோசடி.

எடையிலும் கைவரிசை இருந்தது. அந்தக் கடையில் தராசின் திரை அவர் பக்கம் மட்டும் திரும்பியிருக்கும். பிளாஸ்டிக் கூடையில் அள்ளி அப்படியே தராசில் வைத்துவிடுவார். வீட்டுக்கு வந்து எடை போட்டதில், அரைக் கிலோ வாங்கினாலும் இரண்டு கிலோ வாங்கினாலும் குறைவு ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. இதைக் கவனியுங்கள்: தராசின் அளவீடே பிசகியிருந்தால், வாங்கும் எடை கூடக்கூடக் குறைவும் பொதுவாகக் கூடும். எப்போதும் ஒரே அளவு குறைகிறது என்றால், கூடையின் எடையை நம் தலையில் கட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் தராசு பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை. எப்படியானாலும், வாங்கும் அளவோடு ஒப்பிட்டால் கொஞ்சமாக வாங்குகிறவருக்குத்தான் அதிக நஷ்டம். வெறும் கூடையை வைத்ததும் திரையில் பூஜ்யம் வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். சந்தேகமாக இருந்தால் பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டைப் பையில் கொண்டுபோய் அந்தத் தராசிலேயே வைத்துப் பார்க்கலாம். நேர்மையான கடைக்காரர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார்.

இன்னொரு கடையில் “போன வருஷம்தான் ரசாயனத்தை நிறுத்தினோம், இப்ப முழுக்க ஆர்கானிக்” என்றார்கள். நிறுத்தியது நல்ல விஷயம்தான். ஆனால் சான்றிதழ் அப்படிச் சட்டென்று கிடைப்பதில்லை. பருவப் பயிர்களுக்கு விதைப்புக்கு முன் குறைந்தது 2 ஆண்டு, மரப்பயிர்களுக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டு என்பதுதான் உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பின் வழிகாட்டுதலில் உள்ள பொதுவான கணக்கு. சான்றிதழைக் கேட்டு, அதில் இருக்கும் பெயரும் பயிரும் தேதியும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

விவசாயிதானா என்று அறிய நான் இப்போது கேட்பது இவ்வளவுதான்: இது என்ன ரகம், எப்போது நட்டது, அடுத்த மாதம் என்ன வரும்? நட்டவர் என்றால் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார், நீங்கள்தான் பேச்சை முடித்துக் கிளம்ப வேண்டியிருக்கும்.

சந்தை நடத்துபவர்களிடம் புகார் சொன்னேன். ரசீது இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்தக் கடையில் ரசீதே தருவதில்லை என்பதுதான் புகாரில் பாதி என்றேன். விசாரிப்பதாகச் சொன்னார்கள், இன்னும் பதில் இல்லை. உங்களுக்கு இப்படி நடந்தால் கடை விரித்திருக்கும்போதே படம் எடுத்து, பொருளை அங்கேயே வேறொரு தராசில் நிறுத்துக் காட்டுங்கள். எடை மோசடி என்றால் எடையளவுகளைச் சோதிக்கும் அரசுத் துறைக்கும் எழுதுங்கள். கடையைக் கட்டிக்கொண்டு போனபின் எந்தத் தராசு, எந்தக் கூடை என்று காட்ட வழி இருக்காது.